தலைக்கு மேலே நீச்சல் குளம்

விடிகாலை ஐந்தரை மணி. தலைக்கு மேலே யாரோ நாற்காலியைத் தரதரவென்று இழுத்தார்கள். பிறகு இன்னொன்று. அப்புறம் நிற்கவேயில்லை. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுக் கப்பல். காசு கூடக் கொடுத்துப் பால்கனி அறை எடுத்திருந்தோம். அதற்கு நேர் மேலே நீச்சல் குளத் தளம் இருப்பதைப் பார்க்கத் தவறியிருந்தோம்.

உல்லாசக் கப்பலில் அறை என்றால் பெரும்பாலும் நான்கு வகை: ஜன்னலே இல்லாத உள்ளறை, திறக்க முடியாத ஜன்னல் உள்ள அறை, பால்கனி அறை, சூட். புக்கிங் பக்கத்தில் இந்த வகையும் விலையும்தான் முதலில் கண்ணில் படும். டெக் பிளானைத் தேடித்தான் திறக்க வேண்டும். அதில் உங்கள் அறையின் மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் பாருங்கள். மேலும் கீழும் அறைகளே இருந்தால் நிம்மதி. கீழே தியேட்டர் என்றால் நள்ளிரவு வரை டமடம. மூக்குப் பக்கம் என்றால் துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி எழுப்பிவிடும். சில ஜன்னல்களுக்கு வெளியே கடலை மறைத்துக்கொண்டு உயிர்காக்கும் படகு தொங்கும். விலை குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வயிறு பிரட்டும் ஆசாமியா? பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரர் படும் பாடு தெரியும்தானே, அதே கதைதான். அலையில் கப்பலின் முனைகள் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை. உயரே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். கீழ்த் தளத்தில், நடுவில் எடுத்தால் தப்பிக்கலாம். ‘கேரண்டி’ என்ற பெயரில் மலிவாகத் தருவதில் அறை உண்டு என்பதற்கு மட்டுமே கேரண்டி; எங்கே என்பது கப்பல்காரர் இஷ்டம். கும்பகர்ணன் வம்சத்தவர் தாராளமாக எடுக்கலாம்.

பால்கனி வீண் என்று சொல்ல மாட்டேன். அலாஸ்காவில் பனிப்பாறையையோ நார்வேயில் ஃபியோர்டையோ பார்க்கப் போகிறவர் கடன் வாங்கியாவது எடுக்கலாம். 1984-இல் இளவரசி டயானா பெயர் சூட்டிய ‘ராயல் பிரின்சஸ்’ கப்பலில் உள்ளறையே கிடையாது. அத்தனை அறையும் கடலைப் பார்த்தவை. பினாங்குக்குப் போகும் வழியான மலாக்கா நீரிணை வேறு. அங்கே இரவெல்லாம் ஓட்டம். பகலில் பால்கனிக் கதவைத் திறந்தால் ஏ.சி.க்குப் பழகிய மூக்குக்கண்ணாடி உடனே பனித்துப்போகும். தூரத்தில் சரக்குக் கப்பல் வரிசை. அதை மொட்டை மாடியில் நின்று இலவசமாகவே பார்க்கலாம்.

அடுத்த முறை அம்மாவோடு போனபோது உள்ளறைதான் எடுத்தேன். நடுத் தளம், மேலேயும் கீழேயும் அறைகள். விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு. ‘குவான்டம் ஆஃப் தி சீஸ்’ போன்ற கப்பல்களில் உள்ளறைச் சுவரிலேயே பெரிய திரை வைத்து, வெளியே தெரியும் கடலை நேரலையாகக் காட்டுகிறார்கள். பொய்க் கைப்பிடிக் கம்பி உட்பட! எங்கள் அறையில் அந்த வசதி இல்லை. ஆனால் டி.வி.யில் கப்பலின் முன்பக்கக் கேமரா சேனல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்து, அதை விடிவிளக்காக விட்டுவிட்டுப் படுத்தோம்.

எத்தனை மணியோ தெரியாது, அம்மா தோளைத் தட்டினார். கறுப்பாகக் கிடந்த திரையின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

“விடிஞ்சிருச்சுடா. எந்திரி, மேல போயி பாக்கலாம்.”