வெயில் ஒன்று, வேலை மூன்று

வடகம் போடுதல், மாடித்தோட்டம், ஒயர் கூடை பின்னுதல் ஆகிய மூன்றும் தமிழ்நாட்டு வீடுகளில் ஓய்வு நேரத்தில் பரவலாக நடக்கும் வேலைகள். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முடியும் வரை, மழை பெரிதாக எட்டிப் பார்க்காத நாட்களில், மூன்றையும் ஒரே வாரத்துக்குள் அடக்கிவிடலாம். நேரத்தைப் பங்கிட்டுத் தருவது வெயில்தான். காலையில் வடகம், வெயில் உச்சிக்கு ஏறியதும் வீட்டுக்குள் கூடை, வெயில் தாழ்ந்ததும் செடிகள் என்று வகுத்துக்கொண்டால் ஒன்றின் குறுக்கே மற்றொன்று வராது.

வாரம் தொடங்குவது ஞாயிற்றுக்கிழமை இரவில். அன்று ஊறப்போட வேண்டியவை இரண்டு. ஒன்று ஜவ்வரிசி, மற்றொன்று தென்னைநார்க் கழிவுக் கட்டி.

ஜவ்வரிசி தானியம் அல்ல. மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, அது படிந்து கிடைக்கும் மாவை உருட்டி, வறுத்துக் காயவைத்துச் செய்வது. சேலம் வட்டாரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. அங்குள்ள உற்பத்தியாளர்களுக்காக ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் 1981-இல் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இரவு முழுக்க ஊறிய ஜவ்வரிசியைத் திங்கள் காலை, அளவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டுக் கிளற வேண்டும். வெள்ளையாக இருக்கும் மணிகள் கண்ணாடிபோல் ஆனால் வெந்துவிட்டது என்று அர்த்தம். பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுது, சீரகம், பெருங்காயம் சேர்த்து இறக்கி, ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு விடுவார்கள். உப்பில்தான் கவனம் வேண்டும். தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது. கூழில் சரியாக இருக்கும் உப்பு, காய்ந்த வடகத்தில் கரிக்கும். அதனால் கூழை நாக்கில் வைத்துப் பார்க்கும்போது அரை உப்பாக இருப்பதே சரியான பதம்.

பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து, மாடியில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, கரண்டியால் சிறு வட்டங்களாகக் கூழை ஊற்றுவது வழக்கம். வெயில் சுள்ளென்று ஏறும் முன் இந்த வேலை முடிந்தால் முழுப் பகலும் காய்ச்சல் கிடைக்கும். காக்கைக்கு ஒரு கறுப்புக் குடையை விரித்து வைப்பதும், பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளையைக் காவலுக்கு உட்காரவைப்பதும் எல்லாத் தெருவிலும் உண்டு. மறுநாள் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடகம் கிழியாமல் உரிந்து வரும். உரித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி இன்னும் இரண்டு மூன்று நாள் வெயில் காட்ட வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரே சோதனைதான். வளைத்தால் வளையக்கூடாது, ‘சடக்’கென்று ஒடிய வேண்டும். வெந்த மாவு காயும்போது கண்ணாடிபோல் இறுகுகிறது. அதற்குள் மிகச் சிறிதளவு ஈரம் தங்கியிருக்கும். சுடும் எண்ணெயில் போட்டதும் அந்த ஈரம் நொடியில் ஆவியாகி, இளகிய மாவை ஊதிப் பெரிதாக்குகிறது. வடகம் பூத்து வருவதன் காரணம் இதுதான். எண்ணெய் போதுமான அளவு சூடாகாவிட்டால் ஆவி மெதுவாகக் கசிந்துவிடும், வடகம் பூக்காமல் பல்லைப் பதம் பார்க்கும். ஈரம் மிகுதியாக இருந்தால் டப்பாவுக்குள்ளேயே பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததைத் துடைத்துப் பொரிப்பது ஆபத்து, தூக்கிப் போடுவதே நல்லது.

வடகத்துக்குத் துணையாக அதே வாரத்தில் மோர் மிளகாயும் முடிந்துவிடும். பச்சை மிளகாயைக் காம்போடு வைத்துக்கொண்டு நுனியில் சிறிதாகக் கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரில் ஊறவைக்க வேண்டும். மறுநாளிலிருந்து பகலில் மிளகாய் வெயிலுக்குப் போகும், இரவில் தயிருக்குத் திரும்பும். நான்கைந்து நாளில் தயிர் முழுவதையும் மிளகாய் குடித்துவிடும். உப்பும் புளிப்பும் சேர்ந்து கெடுக்கும் கிருமிகளைத் தடுக்கின்றன. மிச்ச வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது.

தென்னைநார்க் கழிவுக் கட்டி ஊறியதும் பல மடங்கு உப்பிப் பூப்போல் உதிரும். அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் ஒன்றிரண்டு முறை அலசிப் பிழிய வேண்டும். செம்மண், அலசிய நார்க்கழிவு, மட்கிய உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்தால் செடி வளர்க்கும் பைக்கான மண் தயார். வெறும் மண்ணை நிரப்பினால் மாடிக்குப் பாரம் கூடும், வேருக்குக் காற்றும் போகாது. நார்க்கழிவு எடையைக் குறைப்பதோடு தண்ணீரையும் பிடித்துவைக்கும். தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மானியத்தில் மாடித்தோட்டத் தொகுப்புகளை வழங்கத் தொடங்கியது. அவற்றில் பையும் விதையும் மட்டுமல்லாமல் நார்க்கழிவும் இடம்பெற்றதற்குக் காரணம் இதுதான்.

புதிதாகத் தொடங்குபவருக்குக் கீரையே ஏற்றது. அதன் விதை கடுகைவிடச் சிறியது, அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஒரு பிடி மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் போட்டு, பூவாளியில் தண்ணீர் தெளித்தால் போதும். திங்கள் மாலை விதைத்தது வெள்ளி சனிக்குள் முளை காட்டும். சிறுகீரையை இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை அடித்தண்டு விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும்.

கோடையில் தண்ணீர் ஊற்றுவதற்கும் நேரம் உண்டு. உச்சி வெயிலில் குழாயில் வருவது வெந்நீர். காலையிலோ மாலையிலோ, விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்ற வேண்டும். செடிகள் வாடிச் சாவதற்கு வறட்சியைப் போலவே பாசமும் ஒரு காரணம், நீர் தேங்கிய பையில் வேர் அழுகிவிடும். பையைச் செங்கல் மேல் வைத்தால் நீர் வடியும், தளத்திலும் ஈரம் தங்காது. மாவுப்பூச்சி தென்பட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். எண்ணெய் பட்ட இலை வெயிலில் கருகும் என்பதால் பகலில் தெளிப்பதில்லை.

மாடியில் கால் வைக்க முடியாத மதிய நேரம் கூடைக்கு உரியது. ஒயர் கடைகளில் ரோல் கணக்கில் கிடைக்கிறது. சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் எனப் பின்னல்கள் பல. எதுவானாலும் தொடக்கம் ஒன்றே. அளவாக வெட்டிய ஒயர்களை இரண்டாக மடித்து, ரோலிலிருந்து வெட்டாமல் வரும் நீள ஒயரோடு ஒவ்வொன்றாக முடிச்சிட்டு முதல் வரிசையை அமைக்க வேண்டும். அடிப்பாகம் முடிந்ததும் வரிசை நான்கு பக்கமும் சுற்றி மேலே ஏறும். கடைசியில் நிற்கும் நுனிகளை உள்பக்க முடிச்சுகளுக்குள் செருகி, மிச்சத்தை நறுக்கிவிடுவார்கள்.

முடிச்சு ஒயரை நிறையத் தின்னும், அதனால் வெட்டும் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. எல்லா முடிச்சையும் ஒரே இறுக்கத்தில் இழுப்பதே கைத்திறன். ஒரு நாள் இறுக்கியும் மறுநாள் தளர்த்தியும் போட்டால் கூடை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பின்னி முடித்த கூடையை வெயிலில் போட்டுவைத்தால் நிறம் வெளுத்து ஒயர் நொறுங்கும். வடகத்துக்கு நன்மை செய்யும் அதே வெயில் கூடைக்கு எதிரி.

ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. ஒயர் கூடை அந்த எறியும் ரகம் அல்ல. பல ஆண்டு சந்தைக்குப் போய்வரும், கைப்பிடி அறுந்தால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்று வேலைகளும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குபவை. அரிசி கழுவிய தண்ணீர் செடிக்குப் போகிறது, காய்த்தோல் மட்கி உரமாகிறது, பையில் காய்த்த மிளகாய் தயிரில் விழுகிறது, பறித்ததைச் சுமக்கக் கூடை இருக்கிறது. வடகக் கூழ்ப் பாத்திரம் கழுவிய தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றக்கூடாது, அதில் உப்பு உண்டு.

முதல் வாரத்திலேயே அகலக்கால் வைத்தால் மூன்றும் பாதியில் நிற்கும். ஓர் ஆழாக்கு ஜவ்வரிசி, ஒரு பை கீரை, ஒரு ரோல் ஒயர் என்று தொடங்கினால் போதும். ஞாயிறு வரும்போது ஒரு டப்பா வடகமும், ஒரு சிறு கூடையும், மண்ணைக் கீறி நிற்கும் பச்சை முளைகளும் கணக்கில் இருக்கும்.