அம்மாவின் சாவிக் கொத்து

அம்மாவை அங்கே விட்டுவிட்டு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் வந்தது.

கோயம்புத்தூரைச் சுற்றி இப்போது முதியவர்களுக்கென்றே எத்தனையோ குடியிருப்புகள் வந்துவிட்டன. நன்றாக நடமாடக் கூடியவர்களுக்குத் தனி வீடு, பொதுச் சமையல், கூப்பிட்டால் வர ஆள். குளிக்கவும் உடுத்தவும் வேளா வேளைக்கு மருந்து சாப்பிடவும் கைத்துணை வேண்டியவர்களுக்கு இன்னொரு பகுதி. என் அம்மா இரண்டாவது ரகம். வயது 81. குளியலறையில் இரண்டு முறை விழுந்தார். ஒரு நாள் காஸ் அடுப்பைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து போய்ப் படுத்துவிட்டார். அண்ணன் பெங்களூரில், நான் சென்னையில். மூன்று மாதம் யோசித்தோம். யோசித்தோம் என்பதைவிட, யார் முதலில் வாயைத் திறப்பது என்று காத்திருந்தோம் என்பதே உண்மை.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "பெத்தவளைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல விட்டுட்டீங்களாமே!" என்று சித்தி போனில் கேட்டார். இதைப் படிக்கும் சித்திமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்படிக் கேட்பதற்குப் பதிலாக, 'இந்த ஞாயிற்றுக்கிழமை நான் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வரட்டுமா?' என்று கேளுங்களேன்!

முதல் பத்து நாளும் அங்கிருந்து தினம் ஒரு போன். "அம்மா ராத்திரி தூங்கறதே இல்லைங்க. தலையணையை உதறிப் பார்க்கிறாங்க. கட்டிலுக்கு அடியிலே என்னமோ தேடறாங்க. கேட்டா, சொல்லத் தெரியலைங்க." டாக்டரிடம் தூக்க மாத்திரை கேட்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார்கள். எனக்குத் திக்கென்றது. ஏற்கெனவே விழுகிறவர், மாத்திரை மயக்கத்தில் எழுந்து நடந்தால் என்ன ஆவது?

அன்று இரவுதான் ஞாபகம் வந்தது. சாவி! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா சாவிக் கொத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். "இனிமேல் எதற்கு?" என்று அதை வாங்கி வைத்துக்கொண்டதே நாங்கள்தான். அடுத்த முறை போனபோது, உபயோகமில்லாத பழைய சாவிகள் ஏழெட்டை ஒரு வளையத்தில் கோத்து எடுத்துப் போனேன். "ஏங் கண்ணு, இத்தனை நாளா எங்கே வெச்சிருந்தே?" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று ராத்திரி தூங்கினார்.

அங்கே அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் குறை சொல்ல முடியுமா? அவளுக்கு அம்மாவைத் தெரிந்து பத்து நாள். எனக்கு 53 வருஷம். மருந்துப் பட்டியலைப் பொறுப்பாக எழுதிக் கொடுத்த நான் இதை எழுதிக் கொடுக்கவில்லையே! அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். வெந்நீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், எந்தக் காது மந்தம், அப்பா காலமான தேதி, எந்தப் பேரனின் பெயரைச் சொன்னால் முகம் மலரும், எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது... எழுத எழுத வந்துகொண்டே இருந்தது.

இடம் தேடுகிறவர்கள் பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்க்காதீர்கள். அப்போது எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய், இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். முன்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும், படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையெல்லாம் காகிதத்தில் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொத்தை எழுதிக் கொடுப்பதானால், அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு கவனிக்காமல் விட்டால், 2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். யோசனை கேட்க 14567 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

"கொஞ்ச நாள் பார்க்க வராதீர்கள், பழகட்டும்" என்று எங்களிடம் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அரை மணி நேரமானாலும் சொன்ன கிழமையில் போய் நிற்பதுதான் நல்லது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் கிளம்பினால், அம்மாவுக்குப் பிரிவு அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. எனக்குத்தான் தெரிகிறது!

போன மாதம் கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். 'எப்போ கூட்டிட்டுப் போவே?' என்றுதான் கேட்கப் போகிறார் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தே?" என்றார்.

"பூட்டிட்டேனுங்கம்மா. சாவி உங்ககிட்டத்தானே இருக்குது?"

இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் போனார்.