கடலே இல்லாத ஊருக்கு எதற்கு படகு மோட்டார்? வெள்ள காலத்துக்கு வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை!

திருவண்ணாமலையில் படகு என்றதும் நம் நினைவுக்கு வருவது, தீபத்துக்குப் பிறகு ஐயங்குளத்தில் நடக்கும் தெப்பல் உற்சவம்தான். கடலோ துறைமுகமோ இல்லாத ஊரில், படகு மோட்டாரைப் பற்றி யாரும் பேசியதில்லை.

2024 டிசம்பர் அதை மாற்றியது. ஃபெஞ்சல் புயல் மழையில், டிசம்பர் 1-ம் தேதி மலையடிவாரத்தின் வ.உ.சி நகரில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அதாவது, ஒவ்வொரு விநாடியும் சுமார் 47 லட்சம் லிட்டர். தென்பெண்ணைக் கரையோரம் விழுப்புரம், கடலூர் வரை ஊர்கள் மூழ்கின. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது.

அதன்பிறகுதான், ஆற்றங்கரை கிராமத்தில் இருக்கும் என் கல்லூரி நண்பன் போன் செய்தான். இளைஞர்கள் சேர்ந்து 3 மீட்டர் நீளத்தில் காற்றடிக்கும் ரப்பர் படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதற்கு எந்த மோட்டார் பொருத்தலாம் என்பது கேள்வி. தேடிப் படித்ததில் புரிந்தவை இங்கே.

கப்பல்காரர்களின் குட்டிப் படகு!

வெளிநாடுகளில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள், அதை நடுநீரில் நங்கூரம் போட்டுவிட்டு கரைக்கு வர ஒரு குட்டிப் படகு வைத்திருப்பார்கள். 'டெண்டர்' என்பார்கள். அந்தப் படகுக்கான சின்ன அவுட்போர்டு மோட்டார்தான் நம் ரப்பர் படகுக்கும் பொருந்தும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-ல் விற்கத் தொடங்கியபின் பரவிய கருவி இது. இன்று நம் கடற்கரையின் ஃபைபர் படகுகள் பலவும் இதில்தான் ஓடுகின்றன.

எத்தனை குதிரைத்திறன்?

'பெரிசா வாங்கினா வேகமா போகும்' என்பது பாதி உண்மைதான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் 3 மீட்டர் படகின் வேகம், மணிக்கு ஏழு, ஏழரை கிலோமீட்டரோடு நின்றுவிடும். அதைத் தாண்ட, படகு நீரின் மேல் எழும்பிச் சறுக்க வேண்டும். நான்கு பேரை ஏற்றிய படகைச் சின்ன மோட்டார் அப்படித் தூக்காது.

இதில்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. நாம் வேகமாக நடக்கும் அளவுக்கு வெள்ளம் ஓடினாலே, எதிர்த்துச் செல்லும் 2.5 குதிரைத்திறன் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே, தெருவிலும் வயலிலும் தேங்கிய நீருக்கு மட்டுமே இது. ஓடும் ஆற்றில் இறங்கவே கூடாது. அது, அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படை போன்ற பயிற்சி பெற்றவர்களின் வேலை.

யார் தூக்குவது?

2.5 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 17 கிலோ. ஒருவரே தோளில் வைத்துக்கொண்டு போகலாம். 9.9 குதிரைத்திறன் என்றால் 40 கிலோவைத் தொடும். இரண்டு பேர் வேண்டும். படகில் ஒட்டியிருக்கும் தகட்டில், அது தாங்கும் அதிகபட்ச குதிரைத்திறனும் எடையும் இருக்கும். அதை மீறவே கூடாது.

டேப் வைத்து அளந்தீர்களா?

மோட்டாரின் தண்டு 15 அங்குலம், 20 அங்குலம் என்ற அளவுகளில் வரும். படகின் பின்பலகை உயரத்துக்கு ஏற்றதை வாங்க வேண்டும். சின்ன ரப்பர் படகுக்குப் பெரும்பாலும் 15 அங்குலம் போதும். தண்டு குட்டையாக இருந்தால் ப்ரொப்பெல்லர் காற்றை இழுக்கும். நீளமாக இருந்தால், முட்டியளவு நீரில் மூழ்கிக் கிடக்கும் பைக்கிலோ கல்லிலோ இடிக்கும்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால், பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று குறிப்பிட்ட மோட்டாருக்கு, லிட்டருக்கு 20 மில்லி. நள்ளிரவு அவசரத்தில் இதை மறந்தால் இன்ஜின் போச்சு! ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்தத் தொல்லை இல்லை, சத்தமும் குறைவு. ஆனால், தயாரிப்பாளர் சொன்ன பக்கமாகத்தான் படுக்க வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

பேட்டரி மோட்டார்? ஏரிக்கு அருமை. ஆனால், வெள்ளம் வந்தால் முதலில் போவது கரன்ட். மறுபடி எங்கே சார்ஜ் போடுவது?

வாங்கும்முன் இன்னொரு விஷயம். நமக்குப் பக்கத்துக் கடற்கரையான புதுச்சேரி சுமார் 100 கிலோமீட்டர். அங்குள்ள மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான, உதிரிபாகம் கிடைக்கிற மாடலாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஓட்டும்போது...

* பெரும்பாலான மோட்டார்கள் ஆற்று நீரை இழுத்தே சூடு தணிகின்றன. பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் பிளாஸ்டிக் பையோ சேறோ அடைத்திருக்கிறது. உடனே மோட்டாரை நிறுத்துங்கள்.

* நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் மோட்டார் அணைந்துவிடும்.

* தண்ணீரில் இருப்பவரை நெருங்கும்போது மோட்டாரை அணைத்துவிட்டு துடுப்பு போடுங்கள். ப்ரொப்பெல்லர் மீட்க வந்தவர், மீட்கப்படுபவர் என்று பார்க்காது.

பதினொரு மாதத் தூக்கம்!

வெள்ளத்துக்காக வாங்கும் மோட்டாருக்கு வெள்ளத்தைவிடப் பெரிய எதிரி, சும்மா கிடப்பது. பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் மோட்டாரை மாட்டி ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் பம்ப் கருகிவிடும். மறந்துபோகும் என்பவர்கள், ஆயுத பூஜையன்றாவது அவசியம் ஸ்டார்ட் செய்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் வருகிற நாள் அது. பொட்டு வைத்தால் மட்டும் போதாது!

நண்பனிடம் சொன்னது இதுதான்: இருக்கிற பணத்தில் முதலில் லைஃப் ஜாக்கெட்டுகள், கயிறு, இரண்டு ஜோடி துடுப்பு. மீதியில் 2.5 குதிரைத்திறன் மோட்டார். ஆறு ஓடினால் படகை இறக்காமல், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 அல்லது மாநில அறையின் 1070 எண்ணுக்கு அழைப்பது.

"அவ்வளவு சின்னதா?" என்று அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தேங்கிய தண்ணீரில் மாட்டிக்கொண்ட ஒரு பாட்டியை மேட்டுக்குக் கொண்டுவர அது போதும். தேவை, கயிற்றை இழுத்ததும் ஸ்டார்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான்.