பாங்காக்கில் ஆங்கில வகுப்பைத் தாண்டி ஒரு வேலை: டிக்கெட் போடுவதற்கு முன்

பாங்காக்கில் வேலை தேடும் நம்மவர்களில் இரண்டு வகையினரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பொறியியலோ வணிகவியலோ படித்துவிட்டு அங்கே ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்து, ஒரே வருடத்தில் சலித்துப்போய் ராஜினாமா கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் விசாவைப் பற்றி விசாரிப்பவர்கள் ஒரு வகை. ஏஜென்ட் பேச்சை நம்பிச் சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்கி, "ஒர்க் பெர்மிட்டை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று இருப்பவர்கள் இன்னொரு வகை. தாள் கைக்கு வருவதற்கு முன்பே காலை எடுத்து வைப்பதுதான் இரு தரப்பும் செய்யும் தவறு.

ஆங்கிலம் கற்பிப்பதைத் தவிர வெளிநாட்டவருக்கு அங்கே வேறு வேலையே இல்லை என்பது வெறும் பேச்சு. மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தியச் சுற்றுலாப் பயணிகள் குவியும் பாங்காக், பட்டாயா, புக்கெட் ஹோட்டல்களுக்கும் இந்திய உணவகங்களுக்கும் தேர்ந்த சமையல் கலைஞர்கள் வேண்டும். சீலோம் பகுதியில் நவரத்தின வியாபாரத்தில் தமிழர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே மாரியம்மன் கோயில் கட்டியவர்கள் நம் ஆட்கள். ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையத்துக்கும் அந்த நகரம்தான் தலைமையிடம். ஆனால் எந்த வேலை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பார்க்காமல் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டவர் செய்யக் கூடாத தொழில்களின் பட்டியல் ஒன்றைத் தாய்லாந்து வைத்திருக்கிறது. 2020இல் திருத்தப்பட்ட அந்தப் பட்டியலில் 27 தொழில்கள் அடியோடு தடை. வாகனம் ஓட்டுவது, முடி திருத்துவதும் அழகுக்கலையும், சுற்றுலா வழிகாட்டி வேலை, தெருவில் விற்பது, தாய் மசாஜ், தங்க வெள்ளி நகை செய்வது, ரத்தினக் கல் பட்டை தீட்டுவது, எழுத்தர் மற்றும் செயலாளர் வேலை எல்லாம் அதில் அடக்கம். நம் ஊரில் ஏஜென்ட்கள் ஆசை காட்டும் வேலைகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "ஆபீஸ் அசிஸ்டென்ட்" என்றால் தடை. "தமிழ் டூர் குரூப்புக்குக் கைடு" என்றால் தடை. "டிரைவர்" என்றால் தடை. திருச்சிப் பக்கம் கல் பட்டை தீட்டத் தெரிந்த ஒருவரிடம் பாங்காக்கில் அதே வேலை என்று யாராவது சொன்னால், அவருக்கு அங்கே சட்டப்படி அனுமதி கிடைக்க வழியே இல்லை. கடை வாசலில் நின்று விற்பனை செய்யும் வேலை, அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தின்படி அண்டை நாடுகளிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு மட்டும் உரியது. வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு உள்ளே அழைக்கும் துணிக்கடை வேலையை "சேல்ஸ் எக்சிக்யூட்டிவ்" என்று பெயர் மாற்றிச் சொன்னாலும் சட்டம் மாறாது.

அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், நாடு கடத்தல், அதன்பின் 2 ஆண்டுகளுக்குப் புதிய வேலை அனுமதி கிடையாது. முதலாளிக்கு ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாத் வரை அபராதம். முதலாளி கட்டிவிட்டுக் கடையை நடத்துவார். ஊர் திரும்புவது நீங்கள்தான்.

இனி, வேலை தருவதாகச் சொல்லும் நிறுவனத்தைச் சோதிப்பது எப்படி என்று பார்ப்போம். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

தாய்லாந்தில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 13 இலக்கப் பதிவு எண் உண்டு. அதைக் கேளுங்கள். அங்குள்ள வணிக மேம்பாட்டுத் துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவான மூலதனம், அது இயங்குகிறதா மூடப்பட்டதா என்பதெல்லாம் காசில்லாமல் தெரிந்துவிடும். எண்ணைத் தரத் தயங்குகிற நிறுவனத்தோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சாதாரண நிறுவனம் ஒன்று ஒரு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள, அவர் ஒருவருக்காகவே 20 லட்சம் பாத் மூலதனம் காட்ட வேண்டும், 4 தாய்லாந்து ஊழியர்களும் இருக்க வேண்டும். குடிவரவுத் துறை ஓராண்டுத் தங்கல் நீட்டிப்புத் தருவதற்கு, இந்தியர் என்றால் மாதச் சம்பளம் குறைந்தது 35,000 பாத் என்று பார்க்கிறது. முதலீட்டு வாரியத்தின் ஊக்கம் பெற்ற நிறுவனங்களுக்கு மூலதனக் கணக்கிலும் ஆள் கணக்கிலும் விலக்கு உண்டு. மென்பொருள், பொறியியல் படித்தவர்கள் முதலில் தேட வேண்டியது அப்படிப்பட்ட நிறுவனங்களைத்தான்.

"சம்பளம் 18,000 பாத், சாப்பாடும் ரூமும் ஃப்ரீ, விசா நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லும் சின்ன உணவகத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். அந்தச் சம்பளத்துக்கு நீட்டிப்பு வாங்க முடியாது. அப்படியானால் விசாவை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? பார்த்துக்கொள்ள மாட்டார்கள். எல்லையைத் தாண்டித் திரும்ப வரச் சொல்லிச் சில மாதம் ஓட்டுவார்கள், அவ்வளவுதான்.

நிறுவனம் சரி என்று தெரிந்த பிறகு, வரிசை இதுதான். முதலில் நிறுவனம் தாய்லாந்துத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலைவாய்ப்புத் துறையில் உங்கள் பெயருக்கு முன் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். அதை வைத்துக்கொண்டு, இந்தியாவில் இருந்தபடியே, தாய்லாந்து அரசின் இ-விசா தளத்தில் நான்-இமிக்ரன்ட் "பி" விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா விசா, விசா இல்லாத நுழைவு இரண்டும் இதற்கு ஆகாது. "பி" விசாவில் இறங்கினால் வழக்கமாக 90 நாள் தங்கலாம். அதற்குள் ஒர்க் பெர்மிட் வாங்கி, பிறகு குடிவரவுத் துறையில் ஓராண்டு நீட்டிப்பு. ஒர்க் பெர்மிட் கிடைக்கும் நாள் வரை ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது, "சும்மா பழகிக்கோ" என்று முதலாளி கூப்பிட்டாலும். சேர்ந்ததும் யார் முதலாளி, எந்த இடம், என்ன வேலை என்பதை 15 நாட்களுக்குள் வேலைவாய்ப்புத் துறைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சுற்றுலாவாக நுழைந்தவர் உள்ளேயே விசா வகையை மாற்ற வழி உண்டு என்று ஏஜென்ட்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தங்கும் நாள் போதுமான அளவு மிச்சம் இருந்து, நிறுவனத்தின் எல்லாத் தாள்களும் தயாராக இருந்தால் குடிவரவுத் துறையில் விண்ணப்பிக்கலாம். மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை. நிறுவனமே இல்லாதவருக்கு மாற்றுவதற்கு எதுவும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாத நுழைவு 2023 நவம்பரில் வந்தது. அது ஊர் சுற்றிப் பார்க்கக் கொடுத்த சலுகை, வேலை செய்ய அதில் இடமில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் "அதான் விசாவே வேண்டாமே" என்கிறார்கள். மறுபடி சொல்கிறேன்: முன் அனுமதிக் கடிதம் இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள்.

இந்தியாவிலோ வேறு நாட்டிலோ உள்ள நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை செய்பவர்களுக்கு 2024இல் டி.டி.வி. என்ற 5 ஆண்டு விசா வந்திருக்கிறது. 5 லட்சம் பாத் சேமிப்புக் காட்ட வேண்டும், ஒரு நுழைவுக்கு 180 நாள் தங்கலாம். தாய்லாந்து நிறுவனம் எதிலும் அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது.

ஏற்கெனவே அங்கே ஆசிரியராக இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். உங்கள் தங்கல் நீட்டிப்பு அந்தப் பள்ளி வேலையோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டில் இன்னும் 8 மாதம் இருப்பதாக முத்திரை சொன்னாலும், வேலையின் கடைசி நாளோடு அது முடிந்துபோகிறது. புது நிறுவனத்தின் தாள்கள் தயாராகும் வரை ராஜினாமா கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், கடைசி நாள் எது என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் வாங்குங்கள். கிளம்ப நேரம் வேண்டுமென்றால் அந்த நாளிலேயே குடிவரவு அலுவலகம் போய் 1,900 பாத் கட்டி 7 நாள் கேட்கலாம். அதைத் தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாத், அதிகபட்சம் 20,000 பாத் அபராதம். தானாகப் போய் ஒப்புக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் என்றால் ஓராண்டுத் தடை. சோதனையில் பிடிபட்டாலோ, கூடுதலாகத் தங்கியது ஓராண்டுக்கும் குறைவாக இருந்தாலும் 5 ஆண்டுத் தடை. வேலை மாறும் பெரும்பாலானோர் வெளியே போய்ப் புது "பி" விசாவோடு திரும்பி வருவதுதான் நடைமுறை. ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்க மறக்காதீர்கள். 1,000 பாத் மிச்சம் பிடிக்கப் போய் ஓராண்டு நீட்டிப்பையே இழந்தவர்கள் உண்டு.

வேலையில் சேர்ந்த பிறகு உங்களுக்கும் உரிமை இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். உங்கள் தவறு எதுவும் இல்லாமல் வேலையை விட்டு நீக்கினால், 120 நாள் முடித்தவருக்கு 30 நாள் சம்பளம், ஓராண்டு முடித்தவருக்கு 90 நாள், 3 ஆண்டு முடித்தவருக்கு 180 நாள் சம்பளம் இழப்பீடு. சம்பளப் பாக்கி என்றால் அந்தப் பகுதித் தொழிலாளர் ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள், வழக்கறிஞர் தேவையில்லை. தொழிலாளர் அமைச்சகத்தின் உதவி எண் 1506. பாஸ்போர்ட்டையோ ஒர்க் பெர்மிட்டையோ முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது அங்கே குற்றம், 6 மாதம் வரை சிறை உண்டு. "பத்திரமா இருக்கட்டும்" என்று அவர் கேட்டால் கொடுக்காதீர்கள். பட்டச் சான்றிதழின் அசலையும் எந்த ஏஜென்டிடமும் விட்டுவைக்காதீர்கள்.

இந்தியப் பக்கத்தில் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாத யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. போஸ்டரிலும் அலுவலகத்திலும் உள்ள உரிம எண்ணை அதில் போட்டுப் பாருங்கள். உரிமம் காலாவதியாகியிருக்கலாம், வேறொருவர் எண்ணாகவும் இருக்கலாம். உரிமம் உள்ளவரும் உங்களிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்க முடியும், ரசீது தர வேண்டும். 2 லட்சம், 3 லட்சம் கேட்டால் அவர் வேறு தொழில் செய்கிறார். பத்தாம் வகுப்புத் தேறாததால் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்று இருப்பவர்களுக்குத் தாய்லாந்தும் அனுமதி வாங்க வேண்டிய நாடுகளில் ஒன்று. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. இந்தச் சோதனையிலிருந்து தப்பிக்கத்தான் ஏஜென்ட்கள் "டூரிஸ்ட்டாப் போ" என்கிறார்கள். பட்டதாரிகளுக்கு இந்தச் சோதனை இல்லை. எனவே உங்கள் வேலைத் தாளை அரசு பார்க்கப் போவதில்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. ஏஜென்ட் வீட்டுக்கு நடப்பதற்கு முன் அங்கே ஒரு முறை விசாரியுங்கள். இலங்கைத் தமிழர்களுக்கு இதே பொறுப்பு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் இருக்கிறது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், மியான்மரின் எல்லை நகரமான மியாவாடி. "டேட்டா என்ட்ரி", "டிஜிட்டல் மார்க்கெட்டிங்", ஆங்கிலம் தெரிந்தால் போதும், நல்ல சம்பளம் என்று அழைத்துப் போய், பாங்காக் விமான நிலையத்திலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் காரில் ஓட்டி, மே சோட் அருகே மோய் ஆற்றைக் கடத்தி மியான்மருக்குள் கொண்டுபோகிறார்கள். அங்கே ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள், மறுத்தால் அடி. 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் சென்னை வந்திறங்கினார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து அழைத்து வந்தன. இத்தனைக்குப் பிறகும் போகிறார்கள். வேலை பாங்காக்கில் என்று சொல்லிவிட்டு வண்டி டாக், மே சோட் என்ற பலகைகளை நோக்கிப் போனால், பெட்ரோல் பங்கில் நிற்கும்போதே இறங்கி ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். போலீஸ் 191, சுற்றுலாப் போலீஸ் 1155, ஆள்கடத்தல் புகாருக்கு 1300. இந்தியத் தூதரகம் பாங்காக்கில் சுகும்வித் சோய் 23இல் இருக்கிறது. தப்பித்துத் தாய்லாந்துக்குள் வந்தவர்கள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர் என்று தங்களைப் பரிசீலிக்கும்படி அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சட்டவிரோதமாக நுழைந்தவர் என்ற கணக்கிலேயே விட்டுவிடுவார்கள்.

ஏமாந்தவர்கள் ஊரில் புகார் கொடுக்கப் போகும்போது நடப்பது என்னைக் கோபப்படுத்துகிறது. "இது பணத் தகராறு, பேசித் தீர்த்துக்குங்க" என்று சொல்லி மனு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். சி.எஸ்.ஆர். என்ற அந்த மனு ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எழுத்துப் புகாரில் இரண்டையும் குறிப்பிடுங்கள்: பாரதிய நியாய சன்ஹிதா 318இன்படி மோசடி, குடிபெயர்வுச் சட்டம் 10, 24 பிரிவுகளின்படி பதிவில்லாமல் ஆள் எடுத்தது. இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லித் தட்டிக்கழித்தால், 27ஆம் பிரிவைக் காட்டுங்கள். பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. பையன் அங்கே மாட்டியிருக்கும்போது அம்மா இங்கே புகார் கொடுக்கலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியவில்லை. நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரின் சாரத்தைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். கூடவே வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) என்ற குறைதீர் தளத்தில் பதிவு செய்து, சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். இணைக்க வேண்டியவை: பாஸ்போர்ட் நகல், டிக்கெட், வாட்ஸ்அப் உரையாடல்கள், போஸ்டர் படம், வங்கியில் பணம் போன விவரம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் தேதி, இடம், கூட இருந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள். போனை மாற்றுவதற்கு முன் அந்த உரையாடல்களை வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள்.