எடிட்டரோடு கம்பைலரும் ஏன் வருவதில்லை?

மூலனூரிலிருந்து கரூருக்கோ தாராபுரத்துக்கோ கல்லூரிக்குப் போகும் மாணவி, லேப்டாப்பில் விஷுவல் ஸ்டூடியோ கோட் நிறுவி ஒரு சி நிரலை ஓடவிட்டால், ‘ஜிசிசி’ என்ற கட்டளையே தெரியாது என்று கணினி சொல்லிவிடும். தப்பு அவளுடையதல்ல. எடிட்டர் எழுதத்தான் உதவும். எழுதியதை இயந்திரக் கட்டளையாக மாற்றுவது ஜிசிசி போன்ற கம்பைலர். அதைத் தனியே நிறுவ வேண்டும்.

நம் கல்லூரிகளில் வெகுகாலம் ஓடிய டர்போ சி-யில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. சௌகரியம்தான். ஆனால் அது 16 பிட் காலத்துக் கம்பைலர். முழு எண் மாறியில் 40000 போட்டு அச்சிட்டால் -25536 என்று வரும். அதில் 32767-க்கு மேல் இடமில்லை. இன்றைய ஜிசிசி 40000 என்றே காட்டும்.

வேறொருவர் உருவாக்கிய கம்பைலரைச் சேர்த்துக் கொடுப்பதிலும் இப்படிப் பழைய கம்பைலரிலேயே தேங்கிவிடும் ஆபத்து உண்டு. 2005-இல் வந்த டெவ்-சி++ 4.9.9.2 என்ற எடிட்டர், ஜிசிசி 3.4.2-ஐச் சுமந்து வந்தது. சி++ மொழி 2011-இல் புதுப்பிக்கப்பட்ட பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சரியான நிரலும் பிழையாகத் தெரிந்தது. உரிமப் பொறுப்பு வேறு: ஜிசிசி-யை விநியோகிப்பவர் அதன் மூல நிரலும் கிடைக்க வழிசெய்ய வேண்டும்.

கோட்பிளாக்ஸ் என்ற எடிட்டர் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. கம்பைலரோடு ஒரு தொகுப்பு, இல்லாமல் ஒன்று. வேறு கம்பைலருக்கு மாறவும் வழி உண்டு. முதல் செமஸ்டர் பிள்ளைகளுக்குக் கம்பைலர் உள்ள தொகுப்பையே கொடுங்கள், ஆசிரியர்களே; அதிலிருப்பது எந்தப் பதிப்பு என்பதையும் முதல் வகுப்பிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.