மனம் வரும்வரை காத்திருந்தால்

எனது போனில் மூன்று மணித்தியால ஒலிப்பதிவொன்று ஏழு மாதங்களாகக் கிடந்தது. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய் பேசியது. பாலையூற்றில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் அவரும் இருக்கிறார். மகனைப் பற்றியும், ஏறி இறங்கிய முகாம்களைப் பற்றியும், ஆணைக்குழுக்களின் முன்னால் திரும்பத் திரும்பச் சொன்ன சாட்சியத்தைப் பற்றியும் ஒரே பின்னேரத்தில் சொல்லி முடித்தார். "எழுதினாப்பிறகு எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ பிள்ளை" என்றார். "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பிறகு அந்தக் கோப்பை நான் திறக்கவில்லை. முதல் மாதம் வேறு வேலை இருந்தது. இரண்டாவது மாதம் அப்படியொன்றும் இருக்கவில்லை. மூன்றாவது மாதம் மரக்கறிக் கடையில் அவரைக் கண்டேன். "முடிஞ்சுதா பிள்ளை?" என்று கேட்டார். கோபமில்லை, குத்தலில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அடுத்த கிழமையிலிருந்து நான் சுற்றுப்பாதையில் போய் வேறொரு கடையில் மரக்கறி வாங்கத் தொடங்கினேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று கைவசம் ஒரு சொல் இருக்கிறது: பஞ்சி. அம்மாவின் வாயால் நான் அதிகம் கேட்ட சொல்லும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால், அந்த ஏழு மாதங்களில் நான் சும்மா இருக்கவில்லை. அலுமாரியை மூன்று தடவை ஒழுங்குபடுத்தினேன். கிணற்றடியைப் பாசி போகத் தேய்த்துக் கழுவினேன். கணினியில் கிடந்த பழைய படங்களை ஆண்டுவாரியாக அடுக்கினேன். பஞ்சி பிடித்தவர்கள் கிணற்றடி தேய்ப்பதில்லை.

தள்ளிப்போடும் பழக்கம் பற்றி நீண்டகாலமாக ஆராய்ந்துவரும் உளவியலாளர்களான ஃபியூஷியா சிரோய், திமோதி பிக்கில் ஆகிய இருவரும் 2013 இல் எழுதிய கட்டுரையொன்றை இந்த நேரத்தில்தான் வாசித்தேன். தள்ளிப்போடுவதை நேரத்தைக் கையாளத் தெரியாத கோளாறாகப் பார்ப்பதைவிட, உணர்வைக் கையாளும் ஒரு வழியாகப் பார்க்கவேண்டும் என்பது அவர்களது வாதம். ஒரு வேலை மனதைச் சங்கடப்படுத்துகிறது. அதை விட்டு விலகியதும் உடனே ஓர் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதல்தான் அடுத்த முறையும் விலகச் சொல்லித்தருகிறது. நான் தள்ளிப்போட்டது எழுத்து வேலையை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் தள்ளிப்போட்டது அந்தக் குரலை இன்னொரு முறை கேட்பதை.

இந்த நிலைமை எனக்கு மட்டுமானதல்ல. என் வயதுக்காரர்கள் பலரும் 2022 க்குப் பிறகு ஏதோவொன்றைப் பாதியில் விட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறார்கள். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். எண்ணெய் வரிசையில் கழித்த நாட்களையும், எழுதிய கட்டுரைக்கு வராத காசையும் (எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை) சேர்த்துப் பார்த்தால், 'முயன்றால் பலன் உண்டு' என்ற எண்ணமே தளர்ந்து போனதில் வியப்பில்லை.

இதற்கு நமக்குக் கிடைக்கும் மருந்து பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வரும் 'மோட்டிவேஷன்' வீடியோ. பின்னணி இசையோடு ஒருவர் உரத்துப் பேசுவார். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும், பிறகு அடுத்த வீடியோ வரும். இவற்றின் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: முதலில் உற்சாகம் வரவேண்டும், அதன்பிறகுதான் செயல். மனச்சோர்வுக்குச் சிகிச்சை செய்தவர்களின் அனுபவம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

1970 களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழகத்தில் பீற்றர் லூயின்சோன் என்ற உளவியலாளர் மனச்சோர்வை ஒரு சுழலாக விளக்கினார். ஒருவர் செய்யும் காரியங்களுக்கு வாழ்க்கையிலிருந்து கிடைக்கும் மகிழ்ச்சியோ பலனோ குறைகிறது. அதனால் அவர் செய்வதைக் குறைக்கிறார். செய்வது குறைந்ததும் கிடைப்பது இன்னும் குறைகிறது. ஆசை வரட்டும் என்று உள்ளே இருந்துகொண்டு காத்திருந்தால் அது வருவதற்கு வழியே இல்லை, ஏனென்றால் ஆசையைத் தருவது அந்தச் செயலுக்குக் கிடைக்கும் பலன்தான்.

1996 இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் ஜேக்கப்சனும் சகாக்களும் இதை இன்னொரு பக்கத்தால் சோதித்தார்கள். அப்போது பிரபலமாக இருந்த அறிதல் சிகிச்சையில் இரண்டு வேலைகள் நடக்கும்: நோயாளியை அன்றாடக் காரியங்களுக்குத் திரும்ப இறக்குவது ஒன்று, அவரது எதிர்மறை எண்ணங்களைத் திருத்துவது மற்றது. 150 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு முதலாவதை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுச் சிகிச்சையும் பெற்றவர்களுக்குக் குறையாமல் அவர்களும் தேறினார்கள். இன்று இதை 'பிஹேவியரல் அக்டிவேஷன்' என்கிறார்கள். செயலூக்கச் சிகிச்சை என்று நாம் சொல்லலாம். 2016 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான இங்கிலாந்து ஆய்வில் 440 பேர் பங்குபற்றினார்கள். அனுபவம் குறைந்த மனநலப் பணியாளர்கள் கொடுத்த இந்தச் சிகிச்சை, தேர்ச்சிபெற்ற சிகிச்சையாளர்கள் கொடுத்த சிந்தனை–நடத்தைச் சிகிச்சைக்குப் பின்தங்கவில்லை, செலவும் குறைவு.

எனக்கு இதைவிட நெருக்கமாகப் பட்டது கோவாவில் நடந்தது. மனநல மருத்துவர்கள் மிகக் குறைவாக உள்ள நாடுகளில் என்ன செய்வது என்ற கேள்வியோடு விக்ரம் பட்டேலும் சங்காத் என்ற நிறுவனமும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்லர். பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்வாசிகள். ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். "ஏன் இப்படி இருக்கிறீர்கள்" என்ற விசாரணை குறைவு. இந்தக் கிழமை எதைச் செய்யலாம், எந்த நாளில், யாரோடு என்பதுதான் பேச்சு. கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேரை வைத்துச் செய்யப்பட்ட இந்த ஆய்வு 2017 இல் வெளியானது. மூன்று மாத முடிவில் இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 வீதமானோர் தேறியிருந்தார்கள்; வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 வீதம். மீதி 36 வீதமானோருக்கு இது போதவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பமில்லை, நித்திரையும் சாப்பாடும் குழம்பிவிட்டன, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் கட்டுரை வாசிப்பதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும்கூட ஆளை இப்படிப் படுக்கவைக்கும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். "எழும்பி வேலையைப் பார், எல்லாம் சரியாகும்" என்று அப்படியானவருக்குச் சொல்வது சிகிச்சையல்ல, கொடுமை. கோவாவில் ஒருவர் கூடவே இருந்து, ஒவ்வொரு படியையும் செய்யக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கிக் கொடுத்தார். நம் வீடுகளில் நடக்கும் ஏச்சுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், போரும் இடப்பெயர்வும் தனிமனிதர்களை மட்டுமல்லாமல் சமூகங்களையே மாற்றிவிட்டதாக எழுதினார். வடக்கில் அவர் கண்ட சமூகங்கள் தங்கியிருப்பனவாகவும், மௌனமாகவும், தாமாக எதையும் தொடங்காதனவாகவும், யாரையும் நம்பாதனவாகவும் மாறியிருந்தன. தலையைத் தூக்கினால் ஆபத்து என்று பல வருடங்களாகக் கற்றுக்கொண்ட இடத்தில் செயலின்மை ஒரு தற்காப்பு. கிழக்கில் வளர்ந்த எனக்கு இதை விளக்க யாரும் தேவையில்லை. கேள்வி கேட்காதே, படம் எடுக்காதே என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பிறகுதான் நான் ஊடகக்கற்கை படிக்கப் போனேன்.

அப்படியானால் அந்தத் தாயை எது நடக்கவைக்கிறது? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களது தொடர் போராட்டம் அதே வருடம் திருகோணமலைக்கும் வந்தது. வருடங்கள் போய்விட்டன. பதில் தெரியாமலேயே பல பெற்றோர் இறந்துவிட்டார்கள். இந்த வருடம் கிடைத்துவிடும் என்ற உற்சாகத்தில் யாரும் ஓகஸ்ட் 30 அன்று படத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பதில்லை.

இதற்கான அவரது பதில் என் போனிலேயே இருந்தது. ஒருநாள் ஒரு ஏற்பாடு செய்தேன்: பின்னேரத் தேத்தண்ணி குடித்து முடிந்ததும் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, ஹெட்போனைப் போட்டுப் பத்து நிமிடம் மட்டும் கேட்டு எழுதுவது. முதல் நாள் நாலு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மறுநாள் பத்து. மூன்றாம் நாள் எழுதவில்லை. ஆறாவதோ ஏழாவதோ நாள் நிமிர்ந்து பார்க்கும்போது வெளியே இருட்டிவிட்டிருந்தது. விருப்பம் அன்றுதான் வந்தது, வேலை தொடங்கி ஒரு கிழமைக்குப் பிறகு.

ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் நான் அவரிடம் கேட்கிறேன், போக மனமில்லாத நாட்களில் என்ன செய்வீர்கள் என்று. நேரில் கேட்டபோது இந்தப் பதில் என் காதில் ஏறவில்லை போலிருக்கிறது. மனம் எப்போதும் இருப்பதில்லையாம். முதல் நாள் இரவே சீலையை எடுத்துக் கதிரையில் போட்டு, மகனின் படத்தை அதன்மேல் வைத்துவிடுவாராம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஏழு மணிக்குக் கூப்பிடச் சொல்லிவிடுவாராம். "காலமை யோசிக்கத் தொடங்கினா போகேலாது பிள்ளை."

பீற்றர் கோல்விற்சர் என்ற ஜேர்மனிய உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். 'செய்யவேண்டும்' என்று முடிவெடுப்பது ஒன்று. 'இது நடந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டிவைப்பது வேறொன்று. 94 ஆய்வுகளைத் தொகுத்து அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006 இல் வெளியிட்ட கட்டுரை, இரண்டாவது வகையினர் கணிசமான அளவு அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்கிறது. அந்த நேரத்து மனநிலையிடம் அனுமதி கேட்கவேண்டிய தேவை அங்கே குறைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் அந்தக் கட்டுரையில் இடமில்லை. என்னைக் கேட்டால், பாதி வேலையைச் செய்வது அவர்தான்.

போன மாதம் பழைய மரக்கறிக் கடைக்கே போனேன். இரண்டு நாள் கழித்து அவரும் வந்தார். பாதிதான் முடிந்திருக்கிறது அம்மா என்றேன். "பாதி எண்டாலும் வாசியுங்கோ" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு விறாந்தையில் இருந்து பதினான்கு பக்கங்களை வாசித்தேன். ஒன்பதாவது பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். மகனைக் கூட்டிக்கொண்டுபோனது செவ்வாய்க்கிழமை என்று நான் எழுதியிருந்தேன். வியாழக்கிழமை என்றார். வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டேன். அவர் வியாழன் என்றுதான் சொல்லியிருந்தார்.

திருத்திவிட்டேன். இன்னும் ஐம்பது நிமிடம் மிச்சமிருக்கிறது. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்.