மண உறுதி செய்தோரும் பணப் பேச்சும்

ஓலை வாசிப்பதற்கு முன்னர் மணமக்களாகப் போகிறவர்களை ஆயர் அழைத்துப் பேசுகிற வழக்கம் நம் சபைகள் பலவற்றில் நிலைபெற்றுள்ளது. மண வாழ்வின் தூய்மை, குடும்ப வேண்டுதல், பெற்றோரைப் பேணுதல், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றைக் குறித்து ஆயர் எடுத்துரைக்கிறார். இருவரும் தலையசைத்துக் கேட்கின்றனர். பணத்தைக் குறித்து மட்டும் ஆயரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. தாம்பத்திய உறவைப் பற்றிக்கூடத் தயக்கத்தோடேனும் இரண்டொரு சொல் சொல்லப் பழகிவிட்ட நாம், "சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மணமான பின்பு யாருக்கு என்ன கொடுக்க எண்ணியிருக்கிறீர்கள்?" என்று கேட்பதற்கு நாணுகிறோம். இந்த நாணத்திற்குத் திருமறையிலோ திருச்சபை வரலாற்றிலோ ஆதாரம் இல்லை என்பதையும், இதனால் விளையும் தீங்கு சிறிதன்று என்பதையும் இங்கு ஆராய விரும்புகிறோம்.

முன்னாளில் நிச்சயதார்த்தத்திற்கும் திருமணத்திற்கும் இடைப்பட்ட காலத்தில் மணமக்கள் ஒருவரோடொருவர் பேசுவது அரிது. பணத்தைப் பற்றிய பிணக்கு எழுந்தால், அது இரு தகப்பன்மாருக்கிடையிலோ தாய்மாமன்மாருக்கிடையிலோ எழுந்து, ஊர்ப் பெரியவர் ஒருவரால் தீர்க்கப்பட்டது. இன்றோ நிச்சயித்த நாள் முதல் இருவரும் கைப்பேசியில் நாள்தோறும் பேசுகின்றனர். அதில் நன்மை உண்டு. ஆயினும் பெரியவர்கள் சுமந்த பிணக்கை இப்பொழுது அவ்விருவருமே நேருக்கு நேர் சுமக்கின்றனர். அதைச் சுமக்க ஒருவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. மண்டப வாடகை, மணப்புடவையின் விலை, விருந்துக்கு எத்தனை இலை என்று தொடங்கும் பேச்சு, மூன்றாம் மாதத்தில் "உங்கள் வீட்டார்", "எங்கள் வீட்டார்" என்னும் சொற்களில் வந்து முடிகிறது.

ஓர் இணையரைக் கற்பனை செய்துகொள்வோம். மணமகள் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. தந்தை ஓய்வு பெற்றவர். தம்பியின் கல்லூரிக் கட்டணம் அவளுடைய சம்பளத்திலிருந்தே செல்கிறது. மணமகன் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கர். அவனுடைய தகப்பனாருக்கு மளிகைக் கடை. நிச்சயமான அடுத்த மாதம் அவன் தவணை முறையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குகிறான். மகிழ்ச்சியோடு அவளிடம் சொல்கிறான். அவளோ திடுக்கிட்டு, "கல்யாணத்துக்கு முன்பே கடனா?" என்கிறாள். "இதெல்லாம் ஒரு கடனா?" என்று அவன் நகைக்கிறான். அவன் ஊதாரி என்று அவள் எண்ணுகிறாள். அவள் கருமி என்று அவன் எண்ணுகிறான்.

இருவர் எண்ணமும் தவறு. கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவனுக்குக் கடன் என்பது அன்றாடத் தொழிற்கருவி. சரக்கு கடனுக்கு வருகிறது. விற்றபின் மொத்த வியாபாரிக்குப் பணம் போகிறது. இடையில் கைமாற்று வாங்குவதும் கொடுப்பதும் இயல்பு. பற்று வரவு ஏடு வீட்டின் நடுவிலேயே இருக்கும். அவ்வீட்டில் வெட்கத்திற்குரியது கடன் வாங்குவதன்று, சொன்ன நாளில் கொடாமல் இருப்பதே. மாதச் சம்பளக்கார வீட்டிலோ முதல் தேதியன்றே வாடகைக்கு, பாலுக்கு, காணிக்கைக்கு என்று உறைகளில் பணம் பிரித்து வைக்கப்படுகிறது. இருபத்தைந்தாம் தேதிக்குமேல் யாரிடமாவது கேட்க நேர்ந்தால், அதைத் தாய் பிள்ளைகளுக்கும் மறைத்து வைக்கிறாள். அங்கே கடன் என்பது மானக்கேடு. வேளாண் குடும்பத்தில் பிறந்தவரை இவற்றோடு சேர்த்தால் மூன்றாவது கணக்கொன்று வரும்: அறுவடைக்கு அறுவடை ஆண்டைக் கணிப்பவர்கள் அவர்கள், மாத வரவு செலவுத் திட்டம் என்றால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆகவே மணமக்கள் பணத்தைப் பற்றிப் பிணங்கும்போது, பல வேளைகளில் இரண்டு வீடுகளின் கணக்கு முறைகளே ஒன்றோடொன்று மோதுகின்றன. இதை ஆயர் எடுத்துக் காட்டினாலே பாதிச் சினம் தணியும். விட்டன்பர்க்கில் மார்ட்டின் லுத்தரும் கத்தரீனா அம்மையாரும் நடத்திய இல்லறத்திலும் இவ்வேறுபாடு இருந்தது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிடும் கணவரை வைத்துக்கொண்டு, அவ்வம்மையார் கால்நடை வளர்த்தும், மாணவர்க்கு உணவும் இடமும் தந்தும் வீட்டைத் தாங்கினார். 1542-ஆம் ஆண்டு லுத்தர் எழுதிய உயில், அந்நாட்டுச் சட்ட வழக்கத்துக்கு மாறாக, எல்லாவற்றையும் மனைவியின் பொறுப்பிலேயே விட்டது.

ஆனால் மோட்டார் சைக்கிளைப் பற்றிய இப்பிணக்கின் அடியில் வேறொன்று புதைந்திருக்கிறது. சில நாள் கழித்து அவன் பேச்சுவாக்கில், "கல்யாணத்துக்கு அப்புறம் உன் சம்பளம் நம் வீட்டுக்குத்தானே?" என்கிறான். அவள் விடை சொல்லவில்லை. தம்பியின் படிப்பு முடிய இன்னும் இரண்டாண்டு உண்டு. சொன்னால் நிச்சயம் முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறாள். சொல்லாவிட்டால் தம்பியைக் கைவிட வேண்டும், அல்லது கணவன் அறியாமல் கொடுக்க வேண்டும்.

மகன் தன் பெற்றோருக்குப் பணம் அனுப்பினால் அதைக் கடமை என்கிறோம். மகள் அனுப்பினால் புகுந்த வீட்டுக்கு இழப்பு என்கிறோம். தாய் தந்தையரைக் கனம்பண்ண வேண்டும் என்னும் கட்டளை (லுத்தரன் மரபினர்க்கு இது நான்காவது, மற்றையோர் பலர்க்கு ஐந்தாவது) மணமான மகளுக்கு விலக்களிக்கவில்லை. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தடுத்தோரை ஆண்டவர் எவ்வாறு கடிந்துகொண்டார் என்பதை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் காண்கிறோம். அங்கே தடையாய் நின்றது கோயில் காணிக்கை. நம்மிடையே தடையாய் நிற்பது பல வேளைகளில் திருமணமே.

பணத்தைப் பற்றி முன்கூட்டியே பேசுவது அன்புக்குக் குறைவு என்று கருதுவோர், திருமறை மாந்தரின் வழக்கத்தை நினைவுகூர வேண்டும். பரிசம் என்று நம் மொழிபெயர்ப்பு குறிக்கும் மணப்பணம் ஆதியாகமம் 34-லும் யாத்திராகமம் 22-லும் மறைவின்றிப் பேசப்படுகிறது. ராகேலும் லேயாளும் தங்கள் தகப்பனாகிய லாபானைக் குறித்துச் சொன்ன குறை (ஆதியாகமம் 31) பணத்தைப் பற்றியதே: தங்களை விற்று, அந்தப் பணத்தையும் அவனே தின்றுவிட்டான் என்பது. காலேபின் மகள் அக்சாளோ வருந்திக்கொண்டு நிற்கவில்லை; வறண்ட நிலம் மட்டும் போதாது என்று தானே தகப்பனிடம் கேட்டு நீரூற்றுகளையும் பெற்றாள். மணப்பெண் தன் வாயால் சொத்தைக் குறித்துப் பேசுவதை அடக்கமின்மை என்று அந்நூலாசிரியர் குறிப்பிடவில்லை.

பிற்காலத்து யூதர்கள் இதை எழுத்திலேயே வைத்தனர். கெத்துபா எனப்படும் மணப் பத்திரத்தில், மணவிலக்கோ கணவனின் மரணமோ நேரிட்டால் மனைவிக்குச் சேரவேண்டிய தொகை குறிக்கப்பட்டது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, கன்னிக்கு 200 சூஸ், கைம்பெண்ணுக்கு 100 சூஸ் என்று அதன் அளவைச் சொல்கிறது. அந்நூலின் கெத்துபோத் பகுதியில், பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஒரு வழக்கு வருகிறது. மருமகனுக்குப் பணம் தருவதாகத் தகப்பன் வாக்களித்தான், பின்பு கைவிரித்துவிட்டான். மண உறுதியான பெண்ணின் நிலை என்ன? தலை நரைக்கும் வரை அவள் காத்திருக்கவேண்டியதே என்பது ஒரு தீர்ப்பு. எருசலேமில் நடுவராய் இருந்த அத்மோன் என்பவர் அதை ஏற்கவில்லை. வாக்களித்தவள் நானாயின் காத்திருப்பேன், வாக்களித்தவர் என் தந்தை, நான் என்ன செய்யக்கூடும், என்னை மணந்துகொள், இல்லையேல் விட்டுவிடு என்று அப்பெண் கேட்கலாம் என்பது அவர் தீர்ப்பு. கமாலியேல் என்னும் ரபியும் அதை ஆதரித்தார். பேசிய நகை குறைந்ததென்று திருமண நாளைத் தள்ளிக்கொண்டே போகும் குடும்பங்களை அறிந்த நமக்கு இவ்வழக்கு அந்நியமானதன்று.

நம் நாட்டிலும் இத்தகைய வாக்குறுதியின் சுமை பெண்ணின் தலையிலேயே விழுந்ததுண்டு. பழைய திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின் பொது விதிப்படி, உயில் இல்லாத தகப்பன் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இவற்றில் குறைந்தது எதுவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலும், கொடுப்பதாக வாக்களித்திருந்தாலும், அதுவும் இல்லை. வெறும் வாக்குறுதியே ஒரு பெண்ணின் உரிமையை அழிக்கப் போதுமானதாய் இருந்தது! 1986-ஆம் ஆண்டு மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்திய வாரிசுரிமைச் சட்டமே அங்கும் செல்லும் என்று தீர்த்தபின் அந்நிலை ஒழிந்தது.

சட்டத்தைப் பற்றிப் பேச நேர்ந்ததால், மணமக்கள் பெரும்பாலும் அறியாத மற்றொன்றையும் கூறுவோம். ஆங்கிலிக்கன் மரபின் 1662-ஆம் ஆண்டு வழிபாட்டு நூலின்படி மோதிரம் அணிவிக்கையில் மணமகன் தன் உலகப் பொருள்கள் அனைத்தையும் மணமகளுக்கு உரித்தாக்குவதாகச் சொல்கிறான். அந்நாளைய இங்கிலாந்துச் சட்டமோ நேர்மாறாக, மனைவியின் அசையும் பொருள்களைக் கணவனுக்கே உரித்தாக்கியது. 1870, 1882-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை இம்முரண்பாடு நீடித்தது. இந்தியக் கிறிஸ்தவரின் நிலை வேறு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 20-ஆம் பிரிவில், திருமணத்தால் மட்டும் ஒருவர் மற்றவர் சொத்தில் எவ்வுரிமையும் அடைவதில்லை என்கிறது. மணமான பெண்ணின் ஊதியம் அவளுடைய தனிச் சொத்தே என்று 1874-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே உரைத்துவிட்டது. ஆக, மோதிர வாக்கு எல்லாம் உன்னுடையது என்கிறது. சட்டம் உன்னுடையது உனக்கே என்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, அன்றாடம் எதை ஒன்றாக வைப்பது, எதைத் தனியே வைப்பது என்று முடிவுசெய்யும் பொறுப்பு இருவரிடமும் விடப்பட்டிருக்கிறது. "உன் சம்பளம் நம் வீட்டுக்குத்தானே?" என்று கேட்டவனுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு, ஆனால் அவன் தன் சம்பளத்தையும் தன் தவணையையும் முதலில் மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

வரதட்சணையைப் பற்றி நீள எழுதத் தேவையில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். கேளாமல் மனமுவந்து அளிக்கும் அன்பளிப்புகளுக்கு விலக்கு உண்டு. எனினும் அவற்றின் விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை ஆகியவற்றை எழுதி மணமக்கள் கையொப்பமிட வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஓலைக்குரிய தாள்களை நிரப்பும்போதே இப்பட்டியலையும் ஆயர் நினைவூட்டலாம். "இரு வீட்டாரும் இசைந்து செய்கிறோம், ஐயா, யாருக்கும் வருத்தமில்லை" என்று சொல்வோர் உண்டு. அனனியாவும் சப்பீராளும்கூட இசைந்தே செய்தனர். பணக் காரியத்தில் ஒருமனப்பட்ட தம்பதியர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் நமக்குக் காட்டுவது அவ்விருவரையும்தான்.

ஆயர் கேட்கவேண்டிய கேள்விகள் மிகுதியல்ல. உங்களுக்குள்ள கடன் என்ன, யாருக்கு, எப்பொழுது தீரும்? உங்கள் வருவாயை இப்பொழுது நம்பியிருப்போர் யார், இன்னும் எத்தனை காலம்? ஒருவரையொருவர் கேளாமல் எவ்வளவு தொகை வரை செலவிடலாம் என்று எண்ணுகிறீர்கள்? கடைசிக் கேள்வி அற்பமாய்த் தோன்றும். ஆனால் இருவரையும் தனித்தனியே எழுதச் சொன்னால், ஒருவர் ஐந்நூறு என்றும் மற்றவர் இருபதாயிரம் என்றும் எழுதக்கூடும். அந்த இடைவெளியே அவர்கள் பேசத் தொடங்கவேண்டிய இடம். முதலில் தனித்தனியே, பின்பு சேர்த்து வைத்துக் கேட்பது நலம். பெண்ணை முதலில் கேட்க வேண்டும். மணமகன் பேசியபின் கேட்டால், பெரும்பாலும் "அவர் சொன்னதுதான்" என்பதே விடையாய் வரும். ஆயரின் துணைவியார் உடனிருப்பது பயன் தரும். பெற்றோர் உடனிருத்தல் கூடாது.

இப்பேச்சு ஓலையின் முதல் ஞாயிற்றுக்கு முந்திய வாரத்தில் நிகழ்ந்தால் பயனில்லை. அதற்குள் மண்டபத்திற்கு முன்பணம் போயிருக்கும், அழைப்பிதழ் அச்சாகியிருக்கும். அப்பொழுது ஒரு கடன் வெளிப்பட்டாலும், "இனி என்ன செய்வது" என்று விழுங்கிவிடுவார்கள். நிச்சயதார்த்த ஜெபத்திற்கு ஆயரை அழைக்க வரும் நாளிலேயே, அடுத்த மாதத்தில் ஒரு மாலையைக் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். அன்று அவர்கள் மறந்துவிடக்கூடிய ஒரு கடனையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: இத்திருமணத்திற்கென்றே வாங்கப்படும் கடன். அது தகப்பனார் பெயரில் இருக்கும். வட்டியை மாதந்தோறும் கட்டப்போகிறவர்கள் இவ்விருவருமே. மண்டபத்தின் அளவும் இலைகளின் எண்ணிக்கையும் முடிவாவதற்குமுன் அத்தொகையை இவர்கள் அறிந்திருந்தால், அவ்விரண்டும் சற்றுச் சிறுக்க வாய்ப்புண்டு.